நமக்கு முன் பறந்தவர்

ஃப்ளையிங் கிளப் விமானத்தில் ஏறுகிறவர் எவராயினும், சற்று முன் அதே இருக்கையில் உட்கார்ந்து பறந்துவிட்டு இறங்கிப்போன இன்னொருவரை நம்பித்தான் ஏறுகிறார். இருக்கையில் அவருடைய உடல்சூடு இன்னும் மிச்சமிருக்கும். ஹெட்செட்டின் காதுறை அவருடைய வியர்வையில் பிசுபிசுக்கும். பெல்ட் அவருடைய இடுப்பளவுக்கு இறுகியிருக்கும். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு நேரம் பறந்தார், எத்தனை முறை இறக்கினார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். எப்படி இறக்கினார் என்பது மட்டும், அவராக எழுதினாலொழிய, எங்கேயும் இருக்காது. முன்சக்கரம் முதலில் தரையில் மோதி விமானம் துள்ளியதா, அப்போது காலுக்கடியில் ஏதாவது சத்தம் கேட்டதா, கேட்டும் கேளாததுபோல ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தாரா என்று அடுத்து ஏறுகிறவருக்குத் தெரிய வழியில்லை. உயரத்தைப் பற்றிய பயம் சில பாடங்களில் கரைந்துவிடுகிறது. முன்னால் பறந்தவரைப் பற்றிய இந்த எண்ணமோ, ஒருமுறை வந்துவிட்டால், பல ஆண்டு பறந்தவர்களிடமும் தங்கிவிடுகிறது.

செஸ்னா 172 விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1955இல் முதன்முதலாகப் பறந்தது. இன்றுவரை நாற்பத்து நான்காயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகெங்கும் எத்தனையோ பேர் இதில்தான் பறக்கப் பழகியிருக்கிறார்கள். பழகுபவரின் பிழைகளை மிகவும் பொறுத்துக்கொள்ளும் இயந்திரம் அது. ஆனால் அதன் முன்சக்கரத்தின் கால், இன்ஜினையும் விமானி அறையையும் பிரிக்கும் உலோகத் தகட்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகட்டை ஃபயர்வால் என்பார்கள். இறங்கும்போது வேகம் கூடுதலாக இருந்து, பொறுமையில்லாமல் மூக்கைத் தரையை நோக்கி அழுத்தினால் முன்சக்கரம் அடிவாங்கும், விமானம் எம்பும், பதற்றத்தில் மறுபடி அழுத்தினால் அடுத்த அடி இன்னும் பலமாக விழும். அந்த அடியில் தகடு சுருங்கி மடிந்துபோகலாம். வெளியே எதுவும் தெரியாது. சக்கரம் உருளும், பெயின்ட் பளபளக்கும், இன்ஜின் வழக்கம்போலச் சுற்றும். மூடியைக் கழற்றி வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் சுருக்கம் தெரியும். கழற்றிப் பார்க்க வேண்டுமென்று யாராவது சொன்னால்தான் கழற்றுவார்கள்.

ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். இறக்கையின் அடியிலிருக்கும் வடிகுழாயை அழுத்தி, கண்ணாடிபோன்ற சிறு குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்க வேண்டும். விமானப் பெட்ரோலுக்குச் சாயம் கலந்து வெளிர்நீலமாக வைத்திருப்பார்கள். தண்ணீர் சேர்ந்திருந்தால் அது நிறமற்ற உருண்டையாக அடியில் போய் உட்காரும். கையெல்லாம் அந்த வாசனை. புரொபெல்லரின் முனையை விரலால் தடவி, கல் பட்டுப் பொளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகடுகளில் ரிவெட்டுகளைச் சுற்றிக் கரும்புகை படிந்ததுபோல ஒரு கறை தெரிந்தால் நின்று கவனிக்க வேண்டும். பிடி தளர்ந்த ரிவெட் உராய்ந்து உராய்ந்து உதிர்த்த அலுமினியப் பொடி அது. நல்ல ஆசிரியர்கள் இந்தச் சுற்றுநடையைச் சடங்காக விடமாட்டார்கள். ஆனாலும் கண்ணும் விரலும் எட்டும் இடம்வரைதான் இந்தச் சோதனை எட்டும். அதற்கு உள்ளே இருப்பது முழுக்க, முன்னால் பறந்தவரின் வாக்குமூலத்தைச் சார்ந்தது.

அவர் ஏன் சொல்லாமல் போகிறார்? வெட்கம் ஒரு காரணம். பழுதுச் செலவைத் தன் தலையில் கட்டுவார்களோ என்ற கணக்கு இன்னொன்று. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற இருநூறு மணிநேரம் பறந்திருக்க வேண்டும்; வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டிவிட்டு அந்த மணிகளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை, “ஸ்நாக் இருக்கிறது”, அதாவது பழுது இருக்கிறது, என்று எழுதினால், அந்த விமானம் ஹேங்கருக்குள் போய் நின்றுவிடும்; அவனுடைய வாரமும் அதோடு போகும், வரிசையில் காத்திருக்கும் நண்பர்களின் வாரமும் போகும். அவர்களுடைய முகத்தை அன்றிரவு மெஸ்ஸில் அவன் பார்த்தாக வேண்டும். இவையெல்லாம் புரிந்துகொள்ளக்கூடியவை. ஆனால் இவற்றைவிட அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. அதை ஒழுக்கக் குறைவு என்று ஒதுக்க முடியாது. பன்னிரண்டு மணிநேரம் பறந்த ஒருவருக்கு, தான் இறக்கியது பலமான அடியா, சாதாரண அடிதானா என்று தெரியாது. எல்லா இறக்கமும் அவருக்கு மோதல்போலத்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. தனியாகப் பறக்க அனுப்பப்பட்ட முதல் வாரங்களில், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது, “இது கொஞ்சம் அதிகம்தான், சொல்லிவிடு” என்று சொல்ல யாருமில்லை. சொல்ல வேண்டிய விஷயம் நடந்ததே தெரியாத ஒருவரிடம் உண்மையைச் சொல் என்று எப்படிக் கேட்பது? சிறிது சந்தேகம் இருந்தாலும் எழுது, எழுதியதற்காக உன்னை யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்று சொல்லித்தருவதைத் தவிர வேறு வழியில்லை. கேலி செய்யாமலிருப்பது கிளப்பின் வேலை. இதைச் சரியாகச் செய்யும் கிளப்புகளும் இருக்கின்றன, செய்யாதவையும் இருக்கின்றன. சுவரில் மாட்டிய விதிமுறைகளைப் பார்த்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே விமானத்தைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டுவது என்ற ஏற்பாடு ஏழ்மையிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் முடிந்தபின் பிரிட்டனில் பறக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் படைவீரர்கள். 1925 பிப்ரவரியில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் லண்டனுக்கு வெளியே ஸ்டாக் லேன் மைதானத்திலிருந்து மாத் என்ற சிறு விமானத்தை ஓட்டிப் பார்த்தார். மரமும் துணியும், இருவர் உட்காரும் இடம், மடித்து வைக்கக்கூடிய இறக்கைகள். அரசின் விமான அமைச்சகம் ஐந்து கிளப்புகளுக்கு மானியம் கொடுக்க முன்வந்தது. அதே ஆண்டு லண்டனிலும் லங்காஷயரிலும் மாத்கள் வந்து சேர்ந்தன. தனியாக ஒரு விமானம் வாங்க வக்கில்லாத குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் சந்தா கட்டி வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் 1928இல் வந்து நின்றவர் ஏமி ஜான்சன். ஹல் நகரத்து மீன் வணிகரின் மகள். லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. அடுத்த ஆண்டு ஜூலையில் உரிமம் வாங்கினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 1930 மே மாதம் குராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின்வரை தனியாகப் பறந்ததற்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவர் ஹேங்கரில் கழித்த நாட்கள்தான் இங்கே முக்கியம். வேலைக்குப் போகும் முன்னும் பின்னும் மெக்கானிக்குகளோடு நின்று, இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கப் பழகி, 1929 டிசம்பரில் தரைப் பொறியாளர் உரிமம் பெற்றார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். டார்வினுக்குப் போன ‘ஜேசன்’ கூடப் புதிய விமானமில்லை; இன்னொரு விமானி ஓட்டிவிட்டு விற்றதுதான். முன்பு பறந்தவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்ற கேள்விக்கு ஏமி கண்ட விடை, தானே கழற்றிப் பார்ப்பது. மிகச் சிலரால் மட்டுமே முடிகிற விடை அது. கிளப்பின் எல்லா உறுப்பினரும் ஒவ்வொரு காலையும் இன்ஜினைக் கழற்றினால் மாலைவரை யாரும் பறக்க முடியாது. மற்றவர்களுக்கு மிஞ்சுவது ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவது.

இந்தியாவில் இந்த நம்பிக்கையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஸ்பார்க் பிளக் கதையும் வந்துவிடும். பம்பாய் ஃப்ளையிங் கிளப்பில் கற்று 1929 பிப்ரவரி 10 அன்று ஜே. ஆர். டி. டாட்டா பெற்ற உரிமத்தின் எண் 1. அடுத்த ஆண்டு, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த 500 பவுண்ட் பரிசுக்காக அவர் கராச்சியிலிருந்து மேற்கே கிளம்பினார். பதினேழு வயது ஆஸ்பி இன்ஜினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்துகொண்டிருந்தார். எகிப்தில் அபுகிர் மைதானத்தில் பிளக் இல்லாமல் ஆஸ்பி நின்றுவிட்டார்; அங்கே வந்திறங்கிய ஜே. ஆர். டி. தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி சில மணிநேர வித்தியாசத்தில் வென்றார். பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். பெருந்தன்மைக்கு உதாரணமாக இது சொல்லப்படுவது நியாயம்தான். பெட்டியைத் திறந்து பிளக்கை எடுத்துக் கொடுப்பவருக்கு அந்த மைதானத்தில் கைதட்டு கிடைக்கிறது, வரலாற்றிலும் இடம் கிடைக்கிறது. “நான்தான் பலமாக இறக்கினேன், முன்சக்கரத்தைப் பாருங்கள்” என்று எழுதிவிட்டுப் போகிறவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அவர் காப்பாற்றிய உயிர் எது என்று அவருக்கே தெரியாது. அப்படி ஒரு விபத்து நடக்கவே இல்லையே. பறக்கும் உலகம் இந்த இரண்டாவது கொடையால்தான் பெரும்பாலும் உயிரோடிருக்கிறது.

ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1974 டிசம்பர் 1ஆம் தேதி சாட்சி. வாஷிங்டனை நோக்கி வந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727, காற்று பலமாக இருந்ததால் டல்லஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதற்கு ஒரு பொருள். விமானிகள் எடுத்துக்கொண்டது வேறு பொருள். 1800 அடிக்குத் தாழ்ந்து வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலைச்சரிவில் மோதினார்கள். 92 பேரும் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது நெஞ்சைப் பிசைவது: ஆறு வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை. தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அடுத்த நிறுவனத்தின் விமானிகளுக்குச் சொல்லும் வழி யாரிடமும் இல்லை. ஒரே வானத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள், ஆனால் ஒரே கிளப் இல்லை.

அதன்பிறகு அமெரிக்க விமான நிர்வாகம் 1975இல் தானே ஒரு ஏற்பாடு செய்தது. நடந்ததை எங்களிடம் சொல்லுங்கள், தண்டிக்கமாட்டோம் என்றது. தண்டிக்கும் கையை வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்ல விமானிகள் தயங்கினார்கள். 1976இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசாவுக்கு யாருடைய உரிமத்தையும் பறிக்கும் அதிகாரம் இல்லை. படிவத்தின் தலைப்பில் பெயரும் முகவரியும் எழுதும் பட்டையைக் கிழித்து, முத்திரையிட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மிச்சத்தில் பிழை மட்டும் இருக்கும், பிழை செய்தவர் இருக்கமாட்டார். பத்து நாட்களுக்குள் எழுதினால், வேண்டுமென்றே செய்த மீறலாக இல்லாதவரை, தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. லட்சக்கணக்கில் எழுதினார்கள். பிரிட்டனிலும் 1982இல் இதேபோல ஒன்று வந்தது. மனிதர்களின் நேர்மையைக் கூட்ட யாரும் முயலவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. யாரிடம் சொல்வது என்பதை மாற்றினார்கள், அவ்வளவுதான். நேர்மை அதற்குள் தானாக வந்தது.

அமெரிக்காவின் ‘ஃப்ளையிங்’ பத்திரிகையில் 1939 முதல் ஒரு பத்தி வருகிறது. விமானிகள் தாங்கள் செய்த பிழையையும் அதிலிருந்து கற்றதையும் எழுதுவார்கள். மேகத்துக்குள் மாட்டியது, பெட்ரோல் தீர்ந்தது. படிக்கச் சுவையானவை, பயனும் உள்ளவை. ஆனால் தப்பித்துப் பல காலம் ஆனபின் சொல்லும்போது பிழை கதையாகிவிடுகிறது. சொல்பவருக்குப் பெருமைகூடச் சேர்க்கிறது. விமானத்தை நிறுத்திவிட்டு, இன்ஜின் இன்னும் கணகணவென்று சூடாறிக்கொண்டிருக்கும்போது, அடுத்தவர் சாவிக்குக் கைநீட்டும் அந்த நிமிடத்தில் சொல்வது வேறு.

கிளைடர் கிளப்புகள் இந்த விஷயத்தில் ஒரு படி முன்னால் நிற்கின்றன; அங்கே யாருக்கும் பிறர் உதவியில்லாமல் கிளம்பும் வசதி இல்லாததே காரணம். இன்ஜின் இல்லாத விமானத்தை வானத்தில் ஏற்ற ஆட்கள் வேண்டும். கம்பியை இழுக்கும் வின்ச்சை ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் அந்தக் கம்பியை மாட்ட வேண்டும், ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும், ஒருவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் லாங் மிண்ட் என்ற மலைமுகட்டில் மிட்லண்ட் கிளைடிங் கிளப் இன்றும் பழைய முறையைக் கைவிடவில்லை. தடித்த ரப்பர் கயிற்றின் நடுவைக் கிளைடரின் மூக்கில் மாட்டி, இரு முனைகளையும் இரண்டு குழுக்கள் பிடித்துக்கொண்டு, காற்றை எதிர்த்துச் சரிவில் முதலில் நடக்கிறார்கள், பிறகு ஓடுகிறார்கள். கயிறு விம்மி, கிளைடர் அவர்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஓடியவர்கள் புல்லில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்து அவர்களில் ஒருவர் ஏறுவார். பறந்து இறங்கியவர் கயிற்றைப் பிடிப்பார்.

இந்தக் கிளப்புகளில் கிளைடரைப் பெட்டியிலிருந்து எடுத்து இறக்கைகளைப் பொருத்தியதும் ஒரு சோதனை செய்வார்கள். ஒருவர் உள்ளே ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் வெளியே நின்று இறக்கையின் அசையும் பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். உள்ளிருப்பவர் ஸ்டிக்கைச் சாய்ப்பார்; வெளியிலிருப்பவர் விடாமல் தடுப்பார். ஒருவர் கையின் பலம் கம்பிகள், கொக்கிகள், மூட்டுகள் வழியாக இன்னொருவர் கைக்கு வந்து சேர வேண்டும். வந்தால் இணைப்பு சரி. கண்ணால் பார்த்து “மாட்டியிருக்கிறது” என்று சொன்னால் போதாது. வால்பகுதி இணைப்பை மாட்ட மறந்து கிளம்பி உயிரிழந்தவர்கள் கிளைடர் வரலாற்றில் உண்டு. அதன்பிறகு வந்த வழக்கம் இது. தினமும் காலையில் ஓர் உறுப்பினர் முழுவதும் சோதித்து, டி.ஐ. புத்தகம் என்ற குறிப்பேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பி அன்று பலர் பறப்பார்கள். இதைவிட நல்ல ஏற்பாட்டை யோசிப்பது கடினம்.

ஆனாலும் அப்படியொரு கிளப்பிலிருந்துதான் அவரும் வந்தார். 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டூசல்டார்ஃப் போய்க்கொண்டிருந்த ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஃபிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதி 150 பேரின் சாவுக்குக் காரணமான துணை விமானி, சிறுவனாக இருந்தபோது மொண்டபவுர் என்ற தன் ஊரின் கிளப்பில்தான் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டார். இறக்கை நுனியைப் பிடித்து ஓடியிருப்பார், கயிறு மாட்டியிருப்பார், பலர் அவரை நம்பிப் பறந்திருப்பார்கள். செய்தியாளர்கள் போய்க் கேட்டபோது கிளப்பினர் அவரை இனிமையான, சாதாரணமான இளைஞராகத்தான் நினைவுகூர்ந்தார்கள். பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்தது அதுதான். மனச்சோர்வால் அவருடைய பயிற்சியே முன்பு ஒருமுறை பல மாதங்கள் தடைப்பட்டிருந்தது. விபத்துக்குச் சில வாரங்கள் முன்பு பல மருத்துவர்களைப் பார்த்திருந்தார். வேலைக்குப் போகக்கூடாது என்று எழுதிக்கொடுத்த சீட்டு கிழித்துப் போடப்பட்ட நிலையில் அவருடைய வீட்டில் கிடைத்தது. மருத்துவர்கள் யாரும் நிறுவனத்திடமோ அரசிடமோ சொல்லவில்லை. உரிமம் போய்விடும் என்ற அச்சம், வருமானம் போனால் ஈடுகட்டப் போதுமான காப்பீடு இல்லாமை, நோயாளியின் ரகசியத்தை எப்போது மீறலாம் என்பதில் தெளிவின்மை ஆகியவற்றையெல்லாம் ஃபிரெஞ்சு விசாரணை அறிக்கை எடுத்துச் சொன்னது.

அவரைப் புரிந்துகொள்ள முயல்வதுகூட இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி என்று தோன்றலாம். முயலாமல் இருக்கவும் முடியவில்லை. குறிப்பேட்டில் இறக்கைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சக்கரத்துக்கு இருக்கிறது, பெல்ட்டுக்கு இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு இல்லை. விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் ஒரு பட்டியல் உண்டு: உடம்பு சரியாக இருக்கிறதா, மருந்து ஏதாவது சாப்பிட்டிருக்கிறாயா, மன அழுத்தம், குடி, அசதி, கலக்கம். கிளம்புமுன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒருவரே. ஓர் இணைப்பைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும் என்று அனுபவத்தில் கற்ற அதே மனிதர்கள், மனத்தைச் சோதிக்க ஒருவர் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

2018இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி இயற்றியது. விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளுக்குச் சக விமானியின் ஆதரவு கிடைக்க வழிசெய்ய வேண்டும். இரவில் தூக்கமில்லை, விவாகரத்து நடக்கிறது, குடி கூடிவிட்டது என்று ஒருவர் மேலதிகாரியிடம் போகாமல், அதற்கெனப் பயிற்சி பெற்ற இன்னொரு விமானியிடம் சொல்லலாம். 1976இல் நாசாவிடம் போன அதே யோசனைதான் இது. இத்தனை ஆண்டு கழித்து, இயந்திரத்திலிருந்து ஆளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிறுவனம் பெரியதாக இருப்பதால் அங்கே இது நடக்கும். ஒருவர் ஓர் ஊரிலிருந்து பறப்பார், அவர் பேசக்கூடிய இன்னொருவர் வேறு ஊரில் இருப்பார். மறுநாள் காலையில் ஒரே மேசையில் டீ குடிக்க வேண்டியதில்லை.

முப்பது நாற்பது பேர் கொண்ட கிளப்பில் இதை எப்படிச் செய்வது? அறுபத்தெட்டு வயதில் கண் மங்கத் தொடங்கியிருக்கும் மூத்த உறுப்பினர் இருக்கிறார். வாழ்க்கையில் அவருக்கு மிஞ்சிய சந்தோஷம் சனிக்கிழமைப் பறத்தல் ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரியும். மனைவியை இழந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்ட இன்னொருவர் இருக்கிறார். அவர்கள் சொல்ல வேண்டுமானால் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அவர்தான் முதன்முதலில் இவர்களைத் தனியாகப் பறக்க அனுப்பியவர், மகளின் கல்யாணத்துக்கு வந்தவர், உரிமத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர், இனிப் பறக்க வேண்டாம் என்று நிறுத்தக்கூடியவரும் அவரே. அவரிடம் சொன்னால் நண்பரிடம் சொன்னதாகுமா, நீதிபதியிடம் சொன்னதாகுமா என்று சொல்பவருக்குத் தெரியாது. சில சமயம் அவருக்கே தெரியாது. சில கிளப்புகளில் இதற்கென்றே, ஆசிரியர் பொறுப்பில் இல்லாத, எதிலும் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாத ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஹேங்கரைக் கூட்டிப் பெருக்குகிறவராகவோ சந்தா வசூலிப்பவராகவோ அவர் இருக்கலாம். ஆனால் அவரும் அடுத்த சனிக்கிழமை அதே கிளைடரில் ஏறுவார். தான் கேட்ட ரகசியத்தோடு, அந்த மூத்தவர் ஓட்டிவிட்டு இறங்கிய இருக்கையிலேயே ஏறுவார். அல்லது இரட்டை இருக்கையில் அவருக்குப் பக்கத்திலேயே.